மருந்து டேங்க் முதல் பழைய கிணறு வரை

ஐயா, பருத்திக்கு மருந்து அடித்தால் தலை சுற்றுகிறது. துண்டால் மூக்கைக் கட்டித்தான் அடிக்கிறேன்.

மருந்து மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் ஏறும். உங்கள் டேங்க் மூடி கசிகிறதா பாருங்கள். முதுகுச் சட்டை நனைந்தபடி இரண்டு மணி நேரம் நடந்தால் மூக்கைக் கட்டி என்ன பயன்? கலக்கும் நேரம் இன்னும் மோசம், அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. ரப்பர் கையுறை போடுங்கள், குச்சியால் கலக்குங்கள். மருந்து பீச்சும் நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் நானும் ஊதியவன்தான்; இப்போது பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறேன்.

டப்பாவில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் கடும் விஷம்; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான். தலைசுற்றலோடு வியர்த்து, எச்சில் ஊறி, பார்வை மங்கினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடித்த பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டுமா?

வேண்டாம். அடிக்கப் போய் இன்னொரு கடி வாங்குவதுதான் மிச்சம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பாம்பு எதற்கு?

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. களத்தில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்றாலோ, கண் இமை தானாகச் சரிந்தாலோ, கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

தூர் வாருமுன் கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்க்கிறோம். போதுமா?

அணைந்தால் இறங்கக்கூடாது, அதுவரை சரி. ஆனால் உள்ளே டீசல் எஞ்சின் ஓடியிருந்தால், அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு விளக்கு அணையாது, ஆள்தான் விழுவார். எஞ்சினை மேலேயே வையுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இழுக்க இரண்டு பேர். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதித்தால் இரண்டு உயிர் போகும்.

பேரனை டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்து உழலாமா?

கூடாது. பின்னால் சுற்றுவது ரோட்டவேட்டர், மண்ணைக் கிளறும் கத்திகள்; தவறினால் அதில்தான் விழுவான். பையன் அழுதால் அழட்டும்.