டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நம் கேரக்டர்களின் சின்ன வயசை ஒரு செஷன் ஆடுவது எப்படி?

கேள்வி: பகடை உருட்டிக் கதையாக ஆடும் இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்) ஆடுகிறோம். நான்கு பேர், எல்லாரும் 6ஆம் லெவல். ஒரே ஒரு செஷனுக்கு அதே கேரக்டர்களைப் பத்து வயசுப் பிள்ளைகளாக ஆட வைக்க ஆசை. ஸ்டாட்டை (வலிமை, அறிவு போன்ற திறன் எண்களை) எவ்வளவு குறைப்பது?

பதில்:

ஸ்டாட் குறைப்பது இதில் சின்ன வேலை, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பெரிய சிக்கல் வேறு. இந்தப் பிள்ளை சாகாது என்பது மேசையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். 6ஆம் லெவல் ஆள்தான் ஷீட்டில் (கேரக்டரின் விவரத்தாளில்) உயிரோடு இருக்கிறாரே! பிழைக்குமா என்ற பயத்தை நம்பி செஷனைக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். யாரிடம் பொய் சொன்னது, யாரை மாட்டிவிட்டது, எந்தப் பொருளைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பதெல்லாம் இன்னும் தீர்மானமாகாதவை. பகடை அதற்காக உருளட்டும்.

பலர் முதலில் செய்வது, மான்ஸ்டர் மேனுவல் என்ற விதிப்புத்தகத்தில் இருக்கும் காமனரை (சாதாரண ஊர்க்காரரை) எடுத்துக் கொடுப்பது. எல்லா ஸ்டாட்டும் 10, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 4. இது எங்கே உடைகிறது என்று பாருங்கள். சாதாரண கோப்லினின் (குட்டி அரக்கனின்) வாள் 1டி6+2 அடிக்கும், அதாவது ஆறு பக்கப் பகடையில் விழுவதோடு 2, சராசரி 5. ஒரே வெட்டில் பிள்ளை விழுந்துவிடும். டி6இல் 6 விழுந்தால் 8. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்தபின் மிச்சமிருக்கும் அடி, மொத்த ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி. 8இல் 4 போக மிச்சம் 4. சாகவே முடியாத கேரக்டர் செத்துவிட்டது. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) உடனே பகடையை மறைத்து ஏமாற்றத் தொடங்குவார். ஆடுகிறவர்களுக்கு அது தெரிந்துபோகும்.

அதனால் ஹிட் பாயிண்டையே தூக்கிவிடுங்கள். 1980களின் சுவீடனில் நடக்கும் டேல்ஸ் ஃப்ரம் த லூப் (ஃப்ரீ லீக், 2017) என்ற வேறொரு ஆட்டம் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. அதில் 10 முதல் 15 வயசுப் பிள்ளைகளாகத்தான் ஆட முடியும், பிள்ளைகள் சாவதில்லை என்பதே விதி. அடிபட்டால் நிலைகளில் டிக் விழும்: மனசு ஒடிந்தது, பயந்தது, களைத்தது, காயம்பட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் உருட்டும் பகடையில் ஒன்று குறையும். இருபது பக்கப் பகடை (டி20) உருட்டும் நம் ஆட்டத்துக்கு அதையே ஒரு டிக்குக்கு -2 என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுப்பது) கொடுக்காதீர்கள், அது எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும், இரண்டாவது டிக்குக்கு மதிப்பே இருக்காது. மூன்று டிக் என்றால் -6. நான்காவது விழுந்தால் பிள்ளை காட்சியை விட்டு வெளியே: பிடிபட்டது, அல்லது யாரோ தூக்கிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டார்கள். டிக்கை அழிக்க ஒரே வழி, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போய் உட்காருவது. லூப்பில் அந்த ஆளுக்கு ஆங்கர் என்று பெயர். பாட்டியோ கோயில் பூசாரியோ குதிரை லாயக்காரரோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவரை முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள். செஷனின் பாதி நல்ல காட்சிகள் அங்கேதான் நடக்கும், ஏனென்றால் நடந்ததை எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது என்று பிள்ளை அங்கே முடிவெடுத்தாக வேண்டும்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: ஸ்டாட் புள்ளிகள் வயசுக்குச் சமம், லக் புள்ளிகள் 15இல் வயசு போக மிச்சம். பத்து வயசுக்கு லக் 5, பதினைந்துக்குப் பூஜ்யம். தோற்ற உருட்டலை மறுபடி உருட்ட அது உதவும். ஒரே செஷனுக்கு ஐந்து கொஞ்சம் தாராளம், மூன்று போதும்.

இப்போது ஸ்டாட்டுக்கு வருகிறேன். வளர்ந்த ஷீட்டை எடுத்து ஸ்ட்ரெங்த்தில் 4, கான்ஸ்டிட்யூஷனில் 2 குறையுங்கள். இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மாவைத் தொடாதீர்கள். அவைதான் "இது அவனேதான்" என்று அடையாளம் காட்டுபவை. ப்ரொஃபிஷியன்ஸி (தெரிந்த வேலைக்குக் கூட்டும் எண்) +2, ஸ்கில் இரண்டே இரண்டு, அதுவும் பேக்கிரவுண்டிலிருந்து (கேரக்டரின் பின்னணியிலிருந்து). கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி போன்ற வகை) எதுவும் கிடையாது. சோர்சரருக்கு மட்டும், மந்திரம் பிறவியிலேயே வந்தது என்பதால், ஒரு கேன்ட்ரிப் (எளிய மந்திரம்). அதையும் அவர் கேட்கும்போது தராமல், பயந்த டிக் விழும் நேரத்தில் தானாக வெடிக்க விடுங்கள். வார்லாக் ஆடுபவர் இருந்தால் பேட்ரனை (ஒப்பந்தம் போட்டு அவருக்குச் சக்தி தரும் அமானுஷ்ய ஆளை) முதன்முதலில் காட்டும் ஆசை உங்களுக்கு வரும். அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள், அது அவர் சொல்ல வேண்டிய கதை.

டிசியை (உருட்டலில் எட்ட வேண்டிய எண்ணை) குறைக்க வேண்டாம். பெரியவர்களிடம் பேசி நம்பவைக்கும் உருட்டலுக்கு எப்போதும் டிஸ்அட்வான்டேஜ், ஒட்டுக்கேட்பதற்கும் கண்ணில் படாமல் நிற்பதற்கும் அட்வான்டேஜ் (இரண்டில் கூடியதை எடுப்பது). பிள்ளைகள் எதிரில் இருக்கும்போதே பெரியவர்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள், ஆனால் பிள்ளை சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இந்த ஒரு விதி குழந்தைப் பருவத்தை உணரவைக்கும் அளவுக்கு எந்த ஸ்டாட் மாற்றமும் உணரவைக்காது.

வயசுக் கணக்கு அடுத்த பொறி, மனிதரல்லாத இனங்கள் வளரும் வேகம் வேறு. 2014 விதிப்புத்தகப்படி எல்ஃப் உடலளவில் மனிதரைப் போலவே வளர்ந்துவிடும், ஆனால் நூறு வயசு வாக்கில்தான் தன்னைப் பெரியவராக அறிவித்துக்கொள்ளும். ட்வார்ஃப் 50 வரை சின்னப்பிள்ளைக் கணக்கு. டிராகன்பார்ன் மூன்று வயசிலேயே பத்து வயசு மனிதப் பிள்ளை அளவுக்கு வளர்ந்திருக்கும். உங்கள் எல்ஃபுக்கு 120, மனிதருக்கு 22 என்றால் இருவரும் ஒரே தெருவில் விளையாடியிருக்க வழியே இல்லை. போதாததற்கு, முதல் செஷனில் சத்திரத்தில்தான் சந்தித்தோம் என்று நால்வரும் ஏற்கெனவே ஆடியிருப்பீர்கள்.

எல்லாரையும் ஒரே ஊரில் வலிந்து கட்டாமல், ஆளுக்கு ஒரு பகுதி, 40 நிமிஷம் என்று பிரித்துவிடுங்கள். ஒருவரின் சின்ன வயசு நடக்கும்போது மற்ற மூவரும் அந்த ஊர்ப் பிள்ளைகள்: அண்ணன், பக்கத்து வீட்டுப் பெண், வம்புக்காரன். அவர்களுக்கு ஷீட் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் பெயர், ஒரு ஆசை, ஒரு பயம், +4 கிடைக்கும் ஒரு காரியம். "தோமா, அப்பாவின் படகை ஓட்டிப் பார்க்க வேண்டும், நாய் என்றால் நடுக்கம், நீச்சல் +4": இவ்வளவு போதும்.

ஏற்கெனவே மேசையில் சொன்னவை மாறக் கூடாது. பழைய குறிப்புகளிலிருந்து "அப்பா முகம் தெரியாது", "ஊர் எரிந்தது 12 வயசில்" போன்றவற்றைப் பொறுக்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முரண் வந்தால், அந்த வயசில் அவனுக்கு அப்படித்தான் புரிந்தது என்று சமாளிக்கலாம். தினமும் சந்தையில் ஆப்பிள் தந்த ஆள்தான் அப்பா, அது அவனுக்குத் தெரியாது. ஒரு கேம்பெயினில் (பல செஷன்களுக்கு ஓடும் தொடர்கதையில்) ஒரு தடவைக்கு மேல் இந்த வித்தை செல்லாது.

மழலைக் குரலைத் தடை செய்துவிடுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் காது தாங்காது. பத்து வயசைக் காட்ட வேறு வழிகள் உண்டு: நியாயம் அநியாயம் பற்றிய ஓயாத வழக்கு, பேரம், ரகசியம், உடனடியாக ஒரு பொருள் வேண்டும் என்ற பிடிவாதம்.

பிள்ளைகள் மீதான வன்முறை சிலருக்குச் சொந்த அனுபவமாக இருக்கும். எது கதையிலேயே வராது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கும் என்று முந்தைய செஷன் முடிவிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ் கார்டை (பிடிக்காத காட்சியை நிறுத்த யாரும் தொடக்கூடிய சீட்டை) மேசை நடுவில் வையுங்கள். பிள்ளைக் கேரக்டர்களிடம் பாலியல், காதல் சமாசாரம் எதுவும் கிடையாது. இதில் கேட்பதற்கே ஒன்றுமில்லை.

கடைசியில் ஷீட்டில் ஏதாவது ஏற வேண்டும். ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை), ஸ்டாட் +1 எல்லாம் வேண்டாம். அன்று வராதவர் நிரந்தரமாகப் பின்தங்குவார். ஷீட்டில் இருக்கும் பழைய பாண்ட் (கேரக்டரின் பிணைப்பைச் சொல்லும்) வரியை அடித்துவிட்டு, நடந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் கதைக்குள் பொருந்தும்போது செஷனுக்கு ஒரு முறை இன்ஸ்பிரேஷன் (ஒரு உருட்டலுக்கு அட்வான்டேஜ் தரும் பரிசு) தரலாம். வராதவரின் பிள்ளைப் பருவத்தை வேறொரு நாள் முதல் 40 நிமிஷத்தில் ஆடிக்கொள்ளலாம்.