விலங்குகளுக்கான மறுவாழ்வு சிகிச்சை: வேலைக்கு வர நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். கால்நடை மருத்துவம் படிக்காமல் இந்தத் துறைக்கு வர முடியுமா, டாக்டர்?

பதில்: அறுவைக்கோ காயத்துக்கோ பிறகு விலங்கை மறுபடி நன்றாக நடக்க வைக்கும் இந்த வேலைக்கு வரலாம், ஆனால் தனியாகக் கடை விரிக்க முடியாது. நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் கால்நடை மருத்துவரின் பொறுப்பு. அவர் பார்த்து அனுப்பிய பிறகுதான் உங்கள் வேலை. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் நடத்தும் நாய்களுக்கான மறுவாழ்வுச் சான்றிதழ்ப் படிப்பில் பிசியோதெரபிஸ்டுகளும் சேரலாம். சேருவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன அனுமதிக்கிறது என்று பாருங்கள். பணம் கட்டிய பிறகு விசாரிக்கிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: கால்நடை மருத்துவ மாணவன் நான். இது தனிச் சிறப்புத் துறையா, சார்?

பதில்: ஆமாம் தம்பி. அமெரிக்காவில் 2010-இல் விளையாட்டு மருத்துவமும் மறுவாழ்வும் சேர்ந்து அங்கீகாரம் பெற்றன. நிபுணராக, ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியும் தேர்வும் உண்டு.

கேள்வி: வாயில்லாத ஜீவனுக்கு வலி எங்கே என்று எப்படித் தெரியும்?

பதில்: முதலில் உட்கார வைத்துப் பார்ப்பேன். முழங்கால் லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்த நாய் அந்தக் காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் தள்ளிவைத்து உட்காரும். அடுத்து நகம். பின்னங்கால் நகங்கள் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் பாதத்தை இழுத்து நடக்கிறது என்று பொருள், முதுகுத்தண்டைச் சந்தேகிப்பேன். பிறகு டேப்பால் இரண்டு தொடைகளையும் அளப்பேன். நொண்டும் காலில் சதை வற்றியிருக்கும். பூனை இதற்கெல்லாம் மசியாது. வீட்டில் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் பட்டையில் நாயை நடக்க வைக்கும் டிரெட்மில் எல்லாம் வெறும் படம் காட்டுவதுதானே?

பதில்: இல்லை. கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் நாயின் கால்கள் உடல் எடையில் சுமார் 91 சதவீதத்தைத் தாங்கும். முழங்கால் வரை என்றால் 85, இடுப்பு வரை நிரப்பினால் வெறும் 38. நாய் பயப்படுகிறதே என்று முழங்காலோடு நிறுத்தினால் மூட்டுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது. அதனால் முதல் நாள் தண்ணீரே விடாமல் தொட்டிக்குள் சும்மா நிற்கப் பழக்குவேன். அறுவைப் புண் ஆறும் முன் இறக்கவே கூடாது.

கேள்வி: மூலிகையும், வாசனை எண்ணெய்ச் சிகிச்சையான அரோமாதெரபியும் கற்றிருக்கிறேன். மருந்தே இல்லாத சிகிச்சை மையம் தொடங்க ஆசை.

பதில்: வேண்டாம்மா. வலி மருந்தை நிறுத்திவிட்டு உடற்பயிற்சி செய்ய வைப்பது கொடுமை. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம். அதன் கல்லீரலால் பல பொருள்களை முறித்து வெளியேற்ற முடியாது. பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதனால்தான். மூட்டுவலிக்கு நான் அக்குபங்சர் செய்வதுண்டு, மருந்தோடு சேர்த்து. ஆய்வு முடிவுகள் இரு பக்கமும் இருக்கின்றன என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஹோமியோபதி பக்கம் போவதில்லை.

கேள்வி: வருமானம் எப்படி?

பதில்: அறுவை நிபுணர் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து எழுந்து உங்கள் முழங்காலும் தேயும்.

கேள்வி: மனிதர்களோடு பேசவே பிடிக்கவில்லை, அதனால்தான் விலங்குகளிடம் வர நினைக்கிறேன்.

பதில்: அப்படியானால் வேறு வேலை பாருங்கள். என்னிடம் நாய் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம், மீதி முழுக்க வீட்டில்தான். வழுக்கும் தரையில் விரிப்பு போட வைப்பது, எடையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவது, 'ஒரு பிஸ்கட்தானே டாக்டர்' என்பவரிடம் கோபப்படாமல் பேசுவது என்று பாதி வேலை இப்படித்தான் போகும். பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் விடமாட்டேன், என் முன்னாலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லித்தான் அனுப்புவேன்.