6 டிகிரி சரிவில் ரோவரை இறக்கலாமா?

கேள்வி: கடலூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிலவின் தென்துருவப் பக்கம் ரோவர் இறங்க இடம் தேர்வு செய்வது எங்கள் புராஜெக்ட். 60 மீட்டருக்கு ஒரு கட்டமாக உள்ள உயரத் தரவில் சரிவு 6 டிகிரி வருகிறது. பாதுகாப்பானதா? துல்லியமான படங்களுக்கு ஒரு புராஜெக்ட் சென்டர் பணம் கேட்கிறது. சக்கரத்தை சில்வர் பீச்சில் ஓட்டிப் பார்த்தால் போதுமா?

பதில்: முதலில், பணம் கொடுக்காதீர்கள். சந்திரயான்-2-ன் ஓ.எச்.ஆர்.சி. என்ற துல்லியக் கேமரா எடுத்த படங்கள் இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் இலவசம். பெயர் பதிந்தால் போதும். இதையே பென்டிரைவில் போட்டு விற்பவர்கள், கூடவே வரும் விவரக் கோப்பை விட்டுவிடக்கூடும். படம் எடுத்தபோது சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அது இல்லாத படம் உங்களுக்கு உதவாது.

உங்கள் 6 டிகிரி வெறும் சராசரி. 60 மீட்டர் கட்டத்துக்குள் 10 மீட்டர் அகலப் பள்ளம் இருந்தாலும் தெரியாது. ரோவரைச் சுமந்து இறங்கும் லேண்டரின் கால்களோ சில மீட்டருக்குள் ஊன்றுகின்றன. வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு ஓ.எச்.ஆர்.சி. படங்களை இணைத்து உயர வரைபடம் செய்து, 5 மீட்டர் இடைவெளியில் சரிவைக் கணக்கிடுங்கள். உயரத்தில் 1 மீட்டர் பிழை இருந்தால் அங்கே 11 டிகிரி பொய்ச் சரிவு முளைக்கும். பிழை எவ்வளவு என்று எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை, கலர் 3டி படத்துக்கே மதிப்பெண் போடுகிறார்கள் என்பது வேதனை. நீங்களாவது எழுதுங்கள்.

அடுத்தது பாறை. ஒரு பிக்சல் ஏறக்குறைய 30 செ.மீ. என்பதால் சிறு கல் நேரடியாகத் தெரியாது, நிழல் தெரியும். நிழல் நீளத்தை சூரிய உயரக் கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்கினால் கல்லின் உயரம். ஆனால் இது சமதளத்துக்கு மட்டும். சூரியன் 10 டிகிரியில் இருக்க, நிழல் விழும் திசையில் தரை 5 டிகிரி ஏறினால் நிழல் குறுகி, 45 செ.மீ. கல் 30 செ.மீ. என்று கணக்கில் வரும். தரை இறங்கினால் நிழல் இரட்டிப்பாகும். கல்லும் இரண்டு மடங்கு உயரமாகத் தோன்றும். அதில் நல்ல இடம் ஒன்று கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். கல்லைக் குட்டையாகக் கணக்கிடும் முதல் பிழையிலோ லேண்டரே கவிழலாம். ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் அந்த இடத்துச் சரிவைக் கழித்தோ கூட்டியோ திருத்துங்கள்.

சில்வர் பீச் போதாது. கடல் மணல் உருண்டது, நிலவுத் தூள் கூர்முனை உள்ளது. சக்கரம் வழுக்குவது வேறுபடும். இஸ்ரோ சோதனைக்கு நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் மண் செய்தது.

கடைசியாக, ஒரு புள்ளியைக் குறித்துவிட்டு நிறுத்தாதீர்கள்; லேண்டர் சரியாக அதிலேயே இறங்கும் என்று சொல்ல முடியாது. சந்திரயான்-3-க்கு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. பரப்பு ஒதுக்கினார்கள். இந்தச் சோதனைகளை உங்கள் பரப்பு முழுவதற்கும் செய்யுங்கள்.