தமிழ் வழியில் படித்தவரால் நவீன மேலைத் தத்துவ வரலாறு படிக்க முடியுமா?

பி.ஏ. தமிழ் வழியில் முடித்துவிட்டு எம்.ஏ. தத்துவம் சேர நினைப்பதாகவும், பாடத்திட்டத்தில் 'நவீன மேலைத் தத்துவ வரலாறு' என்ற தாளைப் பார்த்துத் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் அப்படிப் போனவன்தான். கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிராமம், அரசுப் பள்ளி, கல்லூரியும் தமிழ் வழி, அப்புறம் எம்.ஏ.வுக்குச் சென்னை.

இங்கே 'நவீனம்' என்றால் இன்றைய தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டின் 'மெடிடேஷன்ஸ்' (தியானங்கள்) வெளியான 1641-இல் தொடங்கி, ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' வந்த 1781 வரை, சுமார் 140 வருடம். நடுவில் ஸ்பினோசா, லைப்னிட்ஸ், லாக், பெர்க்லி, ஹியூம். முக்கியமான ஆட்கள் அவ்வளவுதான்.

முதல் செமஸ்டரில் நான் கைடைத்தான் படித்தேன். இந்தப் பக்கம் பகுத்தறிவிலிருந்தே அறிவு வருகிறது என்ற அறிவுமுதல்வாதிகள் மூன்று பேர், அந்தப் பக்கம் புலன் அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற அனுபவவாதிகள் மூன்று பேர், கடைசியில் காண்ட் வந்து இரண்டையும் சேர்த்துவைத்தார் என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்தேன். மார்க் வந்தது, ஆனால் செமினாரில் 'டெகார்ட் ஏன் புலன்களை நம்பவில்லை' என்று கேட்டபோது எழுந்து நின்று ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக அவருடைய இரண்டாம் தியானத்தைத் திறந்தேன். சில பக்கங்கள்தான். அதில் ஒரு தேன்மெழுகுத் துண்டு வருகிறது.

அது எனக்குத் தெரிந்த பொருள். மாமா அஞ்செட்டி பக்கமிருந்து தேனடை கொண்டுவருவார், தேனைப் பிழிந்தபிறகு அத்தை அடையைச் சட்டியில் உருக்கித் துணியில் வடிகட்டி வைப்பார், ஆறினால் மஞ்சளாக வில்லை வில்லையாக வரும், மோந்தால் பூ வாசம், நாக்கில் வைத்தால் லேசாக இனிப்பு, விரலால் தட்டினால் சத்தம். டெகார்ட்டும் அதே வரிசையில் சொல்கிறார்: ருசி, வாசம், நிறம், வடிவம், தட்டினால் ஓசை. பிறகு அதை நெருப்புப் பக்கம் கொண்டுபோகிறார். ருசி போகிறது, வாசம் போகிறது, நிறமும் வடிவமும் மாறுகின்றன, உருகி ஓடுகிறது, தட்டினால் சத்தமில்லை. கண்ணும் மூக்கும் கையும் சொன்ன அத்தனையும் மாறிய பிறகும் 'அதே மெழுகுதான்' என்கிறோமே, அதை எதைக் கொண்டு சொல்கிறோம்? புலனைக் கொண்டு இல்லை, மனம் புரிந்துகொள்வதைக் கொண்டு என்பது அவர் பதில். நான் எத்தனையோ தடவை பார்த்த சட்டி அது. அதற்குள் இப்படி ஒரு கேள்வி இருந்தது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

சரி, அவர் சொன்னதோடு முடிந்ததா என்றால் இல்லை. மனம் வேறு, உடம்பு வேறு என்கிறீர்களே, உடம்பே இல்லாத ஒன்று உடம்பை எப்படி அசைக்கும் என்று 1643-இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது எலிசபெத்துக்கு 24 வயது. டெகார்ட் தந்த பதில் அவருக்குப் போதவில்லை, திரும்பவும் கேட்டார். நான் படித்த கைடில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை, இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. லைப்னிட்ஸும் அப்படித்தான், லாக்கின் புத்தகத்துக்குப் பகுதி பகுதியாகப் பதில் சொல்லி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 1704-இல் லாக் இறந்துபோனதால் வெளியிடாமல் வைத்துவிட்டார், அது அச்சானது 1765-இல். இந்த வரலாறு முழுக்க ஒருவருக்கொருவர் சொன்ன பதில்கள். கட்டம் போட்டுப் பிரித்தால் அந்தப் பேச்சு காதில் விழாது.

ஹியூம் எனக்குப் புரிந்தது எங்கள் மாந்தோப்பில். பெங்களூரா மரம் பூ விட்டதும் அப்பா காய்ப்புக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். 'பூத்தா காய்க்கும்னு எப்படிப்பா தெரியும்?' என்று கேட்டேன். 'முப்பது வருஷமா பார்க்கறேன்டா' என்றார். ஹியூம் சொல்வதும் இதுதான்: ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் பார்க்கிறோம், ஒன்று இன்னொன்றைக் கட்டாயமாகக் கொண்டுவரும் பிணைப்பைப் பார்த்ததே இல்லை. அடுத்த வருடத்துக்கு நிரூபணம் இல்லை, பழக்கம்தான் எதிர்பார்க்க வைக்கிறது, அந்தப் பழக்கம் இல்லாமல் வாழவும் முடியாது. இதைப் பேசும் முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 27. தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதே ஹியூம்தான் என்று காண்ட் பிற்பாடு எழுதினார்.

ஆங்கிலம்தான் பயம் என்றால், ஜோனதன் பென்னட் என்ற பேராசிரியர் இந்த நூல்களையெல்லாம் இன்றைய மாணவர்களுக்காக எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதி இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார், 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' என்று தேடுங்கள். குறிப்பை மட்டும் தமிழில் எழுதுங்கள். ஒரே எச்சரிக்கை, லாக்கின் 'ஐடியா'வைக் 'கருத்து' என்று நான் எழுதிவைத்துப் பல வாரம் குழம்பினேன். மனதில் தோன்றும் எல்லாமே அவருக்கு ஐடியா; வெண்மையும் ஐடியா, குளிர்ச்சியும் ஐடியா. அந்த மாதிரிச் சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடத்திலும் தத்துவம் இருக்கிறது, இந்தப் பகுதி இரண்டிலும் வரும்.

சேருவதற்கு முன்னால் அந்த இரண்டாம் தியானத்தை மட்டும் ஒரு வாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள், அங்கிருந்து பேசலாம்.