வாசகர் கேள்வி: முன்பள்ளி நேரசூசிக்குள் மொண்டிசோரிக்கு இடம் உண்டா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில்தான். பாட்டு, கதை, அந்த வாரத்துத் தலைப்பு, பயிற்சிப் புத்தகம் என்று காலை ஓடிவிடுகிறது. பிள்ளை தானே வேலையைத் தெரிந்தெடுத்து, கையால் செய்து பழகும் மொண்டிசோரி முறையையும் சேர்க்க ஆசை, ஆனால் சாமான் வாங்கக் காசில்லை. எப்படிச் சேர்ப்பது?
- ஆசிரியை, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: ரீச்சர், ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் கொஞ்சம் மொண்டிசோரி தூவப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பிரியுங்கள். முழு மொண்டிசோரிப் பள்ளியில் பிள்ளைகள் மூன்று மணித்தியாலம் இடையூறில்லாமல் தாங்களே தெரிந்தெடுத்த வேலையைச் செய்வார்கள். உங்களுக்கு முழுக் காலையுமே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே வந்தவுடன் ஒரு மணித்தியாலத்தை அதற்கென்று விடுங்கள், அதற்குள் மணி அடிக்கவும் வேண்டாம், "எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிடவும் வேண்டாம். பாட்டும் கதையும் தலைப்பும் அதற்குப் பிறகு வழமைபோல நடக்கட்டும்.

எல்லா வயதும் ஒன்றாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1907இல் இத்தாலியில், ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொடங்கிய முதல் வகுப்பிலும் வயதுகள் கலந்துதான் இருந்தன. பெரியவன் செய்வதைப் பார்த்துச் சின்னது பழகும்.

சாமானுக்கு வருவோம். மொண்டிசோரி வகுப்புகளில் ஒவ்வொரு சாமானிலும் ஒன்றுதான் வைப்பார்கள், மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கப் பழக வேண்டும் என்பதற்காக. ஆகவே செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தச்சரிடம் 10 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் வரை, பத்துப் பத்தாகக் கூடும் பத்துத் தடிகள் அறுப்பியுங்கள், ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பூசினால், பிள்ளைகள் எண்ணப் பழகும் எண் தடி கிடைத்துவிடும். சொரசொரப்பான தாளில் எழுத்து வெட்டி மட்டையில் ஒட்டுங்கள். ட, ப என்று நேர்கோட்டு எழுத்தில் தொடங்கி, பிள்ளை ஒலியைச் சொல்லிக்கொண்டு விரலால் தடவட்டும். பயறும் கௌபியும் கலந்து பிரிக்கவும், செம்பிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றவும் விடுங்கள், இவையெல்லாம் பென்சில் பிடிக்கப்போகிற விரல்களுக்கான வேலைதான். சிந்தினால் துடைக்க ஒரு துணியும் பக்கத்தில் இருக்க வேண்டும், துடைப்பதும் பாடம்தான்!

பயிற்சிப் புத்தகத்தைக் கைவிட வேண்டாம், பெற்றோர் கேட்பார்கள். ஆனால் விரலால் தடவிப் பழகிய எழுத்தின் பக்கத்தை மட்டும், கடைசி அரை மணித்தியாலத்தில், நான்கு வயது தாண்டியவர்களுக்குக் கொடுங்கள். யார் எதை எடுத்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று ஒரு கொப்பியில் தினமும் குறித்து வையுங்கள், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கேட்டால் அதையே காட்டலாம்.