ரத்தம் நிற்கட்டும், மற்றது அப்புறம்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது குன்னூரில் இருக்கிறேன். போர்க்களத்தில் சிப்பாய்கள் செய்துகொள்ளும் முதலுதவி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகன் அக்னிவீரராகச் சேர்ந்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சியில் இருக்கிறான். நாளைக்கு எல்லைக்குப் போய் அடிபட்டால் டாக்டர் பக்கத்தில் இருப்பாரா? – ஒரு தாய், அருவங்காடு

அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். பட்டாலியனோடு டாக்டர் உண்டு. ஆனால் அவர் இருக்கும் இடம் பின்னால். குண்டு படுகிற இடத்தில் இருப்பது உங்கள் மகனும் அவனோடு போகும் பையன்களும்தான். அவனுக்கு முதல் டாக்டர் பக்கத்துப் பையன். அந்தப் பையனுக்கு உங்கள் மகன்.

வளர்ந்த மனிதனுக்கு உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஸ்ட்ரெச்சர் வந்து சேர அந்த நேரம் போதாது. 2001 முதல் 2011 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த அமெரிக்க வீரர்களைப் பற்றி அவர்களுடைய மருத்துவர்களே ஒரு கணக்கு எடுத்தார்கள். இறந்த 4,596 பேரில் 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கிறது. அந்த நாலில் ஒருவர் போனதற்குக் காரணம் பத்துக்கு ஒன்பது ரத்தப்போக்கு. இதைப் படித்த பிறகு நான் பையன்களுக்குப் பாடம் எடுத்த வரிசையையே மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் மூச்சுப் பாதையில் ஆரம்பிப்போம். அதன் பிறகு முதல் நாள், முதல் மணி, ரத்தம்தான். மூச்சுப் பாதை, நெஞ்சுக் காயம், அதிர்ச்சி (ரத்த ஓட்டம் குறைந்து உடம்பு தளர்ந்துபோகும் நிலை), குளிர் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒவ்வொரு சிப்பாயிடமும் ஃபீல்டு டிரஸ்ஸிங் என்ற சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் மருந்துப் பஞ்சு வைத்த பட்டை. எல்லோரும் அதை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது கண்டிப்பு, இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அடிபட்டவனுக்கு அவனுடைய பொட்டலத்தையே எடுத்துக் கட்ட வேண்டும். நம்முடையதைப் பிரித்துவிட்டால், அடுத்த குண்டு நமக்கு வரும்போது கட்ட வருகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று. சுட்டுக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய்க் கட்டுப் போடக் கூடாது. முதலில் எதிரியை அடக்கி, மறைவுக்கு இழுத்து வர வேண்டும். நண்பன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு அந்த அரை நிமிடம் பொறுப்பதுதான் கற்றுக்கொடுக்க மிகவும் கஷ்டமான பாடம். உங்கள் மகனுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

டூர்னிகே கட்டினால் காலையே வெட்ட வேண்டிவரும் என்கிறார்களே? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கோத்தகிரி

ஐயா, இந்தப் பயத்தால் போன உயிர்கள் நிறைய. டூர்னிகே என்பது கை காலைச் சுற்றி இறுக்கி, ஒரு குச்சியால் திருகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் பட்டை. எங்கள் காலத்தில் அதைக் கடைசி வழி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது கை காலிலிருந்து ரத்தம் பீறிட்டால் அதுதான் முதல் வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்க்க வழி செய்தால் அந்தக் கட்டினால் காலை இழப்பது மிக அரிது.

காயத்துக்கு மூன்று நான்கு விரல் மேலே கட்ட வேண்டும். முட்டி மூட்டிலோ முழங்கை மூட்டிலோ கட்ட வேண்டாம். ரத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். கட்டு வாங்குகிறவன் துடிப்பான், "தளர்த்துங்க சாப்" என்று கெஞ்சுவான். தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் கண்ணில் படும்படி எழுத வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை தளர்த்திக் கட்டு என்று பழைய புத்தகங்களில் இருந்தது. ஒவ்வொரு தளர்த்தலிலும் மிச்சம் இருந்த ரத்தம்தான் போனது.

ஒரு பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஒரு பையன் தன் ஜோடியின் தொடையில் பட்டையைப் போட்டுத் திருகு திருகு என்று திருகுகிறான். குச்சி வளைகிறது, முகம் சிவந்துவிட்டது. நான் பாதத்தின் மேல்புறம் விரல் வைத்துப் பார்த்தேன், நாடி நன்றாகத் துடிக்கிறது. பட்டைக்கு அடியில் கையை விட்டால், கால்சட்டைப் பையில் ஒரு டார்ச். பட்டை அழுத்தியதெல்லாம் டார்ச்சைத்தான். அன்றிலிருந்து "பாக்கெட்டைக் காலி பண்ணு" என்பதை எல்லாப் பையன்களையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தேன்.

பட்டை இல்லாத இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத துணியும் உறுதியான குச்சியும் வேண்டும். கயிறு, கம்பி வேண்டாம், சதையை அறுத்துவிடும். இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிகே போட முடியாது. கழுத்தைச் சுற்றி எதையும் கட்டவே கூடாது. அங்கெல்லாம் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்துக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் தேயிலைக் காட்டில் பாம்பு கடித்தால் இதே கட்டைப் போடலாமா? – எஸ்டேட் தொழிலாளி, மஞ்சூர்

வேண்டவே வேண்டாம் அம்மா. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. ரத்தம் பீறிட்டால் கட்டு, பாம்பு கடித்தால் கட்டாதே. இறுக்கிக் கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதை அழுகும், அவிழ்க்கும்போது மொத்தமாக ஏறும். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. மலையில் செடியோடு செடியாகக் கிடக்கும் குழிவிரியன்கள் அதில் சேராது. அதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடித்தது எது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. குழிவிரியன் கடிக்கும் ஆஸ்பத்திரியில் கவனிப்பு வேண்டும்.

ரத்தம் நிற்கக் காபித்தூள் வைக்கலாமா? – ஒரு வாசகி, குன்னூர்

கூடாது. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் ஒரு நாள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவருக்குக் கத்தி நழுவி முன்னங்காலில் இறங்கிவிட்டது. நான் போவதற்குள் யாரோ ஒரு கைப்பிடி காபித்தூளை அப்பியிருந்தார்கள். ரத்தம் அதன் மேலேயே வழிந்து சேறு மாதிரி ஆகிவிட்டது, வெட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை வாங்கி மேல் தூளைத் துடைத்துப் போட்டேன். இன்னொரு அம்மாவின் துண்டை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையையும் மடக்காமல் நீட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினேன். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்கவே இல்லை. எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு, உறைகிற ரத்தம் அதோடு பிய்ந்து வரும். துணி நனைந்தால் அதன் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். அவருக்கு அப்புறம் தையல் போட்டதைவிட, அந்தத் தூளைக் கழுவி எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது.

அடிபட்டவர் தண்ணீர் கேட்டால்? – கல்லூரி மாணவர், கூடலூர்

மயக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டுகூட வேண்டாம். வயிற்றில் அடி என்றால் உதட்டை நனையுங்கள், போதும்.

2021 டிசம்பர் 8-ம் தேதி ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து மக்கள் போர்வைகளைக் கொடுத்தார்கள். தீக்காயத்துக்குக் கம்பளி சரியா? – ஓர் இளைஞர், காட்டேரி அருகே

தம்பி, அன்று முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத்தோடு சேர்த்து அதில் இருந்த 14 பேரில் ஒருவரும் கடைசியில் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பனியில், தீயைப் பார்த்தும், வீட்டில் இருந்த போர்வையை எடுத்துக்கொண்டு ஓடிய ஜனங்களை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது. உடம்பில் பிடித்த தீயை அணைக்கக் கம்பளி சரி. ஸ்ட்ரெச்சர் இல்லாதபோது தூக்கிப் போவதற்கும் போர்வை சரி, இரு பக்க ஓரத்தையும் சுருட்டிப் பிடித்தால் கை வழுக்காது. தீ அணைந்த பிறகு காயத்தின் மேல் கம்பளியை ஒட்ட விடாதீர்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓட விட்டு, சுத்தமான மெல்லிய துணியால் மூடுங்கள். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் அவ்வளவு நேரம் நனைக்காதீர்கள், ஆள் விறைத்துப் போவார்.

குளிரை நம் மலைக்காரர்களே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, கட்டிய காயமும் கசியும். பனிமலையில் சிப்பாய்க்கும் இதே கதைதான். மேலே மூன்று போர்வை போட்டுவிட்டு, கீழே ஈரத் தரையில் கிடத்தினால் வீண். முதல் போர்வை முதுகுக்கு அடியில் போக வேண்டும்.

நான் என்.சி.சி.யில் இருக்கிறேன். வீட்டில் எதைப் பழகலாம்? – பள்ளி மாணவி, உதகை

ஒரு துணிப்பட்டையும் குச்சியும் எடுத்துக்கொள், பாப்பா. தம்பி தங்கை மேல் வேண்டாம், சுருட்டிய பாய் ஒன்று போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் கட்டிப் பார். அது வந்துவிட்டால் இடது கையால் மட்டும். அதுவும் வந்துவிட்டால், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெளியே வந்து செய். விரல் மரத்துப் போய் முடிச்சு நழுவும். எத்தனையாவது தடவை நழுவாமல் நின்றது என்று எனக்கு எழுது.