போராட்டத்தை வைத்து எழுதிய சிறுகதையை இலக்கிய இதழ் எப்போது ஏற்கும்?

ஒரு போராட்டம் ஒரு மனிதரின் நாளை என்ன செய்தது என்று சொல்வதுதான் போராட்டச் சிறுகதை.

மீனவர் கைதைக் கண்டித்து ராமேசுவரம் விசைப்படகுகள் வேலைநிறுத்தம் செய்தால் அன்றே செய்தி வந்துவிடும். மாத இதழில் கதை அச்சாகும்போது அது பழசு. அதனால் ஆசிரியர் குழு தேடுவது வேறு: கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்காத நாளில் ஐஸ்காரர் பாக்கி கேட்டு நிற்பது, கடலுக்குப் போகாத வீட்டில் மகளிர் குழுத் தவணை இடிப்பது. பாத்திரங்களே 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தை விளக்கிப் பேசத் தொடங்கினால், கதை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். முழக்கம் கருவாட்டு உப்பு மாதிரி. ஏறினால் மீன் ருசியே தெரியாது.

யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பாக அனுப்புங்கள். 1500 முதல் 2500 சொல் வசதி. ஒரு நேரத்தில் ஒரே இதழ். முகநூலில் போட்ட கதையைப் பல இதழ்கள் எடுப்பதில்லை. மூன்று மாதம் பதில் இல்லையென்றால், ஒரு வரி தெரிவித்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம். சன்மானமா? சிற்றிதழில் பெரும்பாலும் ஒரு பிரதிதான்.

பெயரை மாற்றிவிட்டால் அவதூறு வழக்கு வராது என்று பலர் நம்புகிறார்கள். படகு எண்ணும் ஊரும் பதவியும் அப்படியே இருந்து ஆளை அடையாளம் காண முடிந்தால், வழக்குக்கு இடம் உண்டு.